சீமைச் சிம்மு

ஏலே பேராண்டி, இங்கன வா. அந்த ஃப்ளெக்ஸ் போர்டுல உன் மூஞ்சியை எத்தனை தடவைதான் பாப்பே? ‘லண்டன் மாநகர் செல்லும் எங்கள் குலவிளக்கே, வருக வருக’ன்னு அடிச்சு வச்சிருக்கான் உன் சித்தப்பன். போறவனைப் பாத்து வருகன்னு எழுதுன மொத ஆளு அவனாத்தான் இருப்பான். அதுவும் நீ போறது லண்டனா? லெஸ்டர். லண்டன்ல இருந்து நூத்தறுபது கிலோமீட்டர். திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் உள்ள தூரம்லே. மதுரைக்காரனைத் திருநெல்வேலிக்காரன்னு சொன்னா சும்மா விடுவானா? சரி, போர்டுல லெஸ்டர்னு போட்டா எவன் மதிப்பான்னு சித்தப்பன் நெனச்சிருப்பான். விடு.

ஊரே வந்து உனக்குப் புத்தி சொல்லிட்டுப் போயிருக்கு. ஒருத்தி நார்த்தங்கா ஊறுகாய்ங்கா, ஒருத்தன் ஸ்வெட்டர்ங்கான், உன் பெரியம்மை பெட்டிக்குள்ள பிரஷர் குக்கரைத் திணிக்கா. போன் விஷயத்தைப் பத்தி மட்டும் ஒருத்தனும் வாயத் தொறக்கலை. பொறந்ததுல இருந்து கையில போனோட திரியுத பயலுக்கு அதைப் போய்ச் சொல்லணுமாக்கும்னு நெனச்சுட்டாங்க. அங்கனதான் தப்பு. நீச்சத் தெரிஞ்ச பயதான் முங்குவான்.

நான் சொல்லுதேன் கேளு. மெயின் ரோட்டுல மஞ்சப் பலகை மாட்டி எஸ்டிடி பூத் நடத்துனவன் உன் தாத்தா. ராத்திரி ரேட்டு கொறையுத நேரத்துக்கு வரிசை கட்டி நிப்பாங்க. துபாய்ல இருக்குத புருஷன், மும்பைல இருக்குத மவன், எல்லார் கதையும் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ளதான். நான் வெளிய உக்காந்து மீட்டரைப் பாத்துக்கிட்டு இருப்பேன். சொல்ல வேண்டிய சேதி ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும். பொறவு ‘அப்புறம்… வேற என்ன… அப்புறம்’னு இழுப்பாங்க பாரு, அந்த ‘அப்புறம்’தான் நம்ம வீட்டுக்கு அரிசி வாங்கிக் குடுத்துச்சு. டெலிபோன் யாவாரத்துல லாபம் எங்கன ஒளிஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியும்லே. இப்ப நிமிஷக் கணக்குப் போயிட்டு. சீமையில இருக்குத கம்பெனிக்காரனுக்கு இப்ப சோறு போடுறது மூணு: உன் அவசரம், உன் பவுசு, உன் மறதி.

உன் அத்தை மக லெஸ்டர்ல படிச்சுட்டுத்தானே வந்திருக்கா. அவளை உக்கார வச்சு ஒண்ணு விடாம கேட்டுட்டேன். மிச்சத்தை நானே போன்ல நோண்டிப் படிச்சேன். கெழவனுக்கு வேற என்ன சோலி?

மொதல்ல அவசரம். பிளேன் ஹீத்ரோவுல எறங்கும். நீயும் எறங்குவே. ‘ஐயோ, அம்மாட்ட வந்து சேந்துட்டேன்னு சொல்லணுமே’ன்னு கை பரபரக்கும். எதுத்தாப்புல ஒரு மெஷினு, இல்லைன்னா ஒரு கடை, பளபளன்னு சிம் வச்சிருப்பான். ஏர்போர்ட்டுல டீ என்ன விலைன்னு உனக்குத் தெரியும்லா? சிம்மும் அந்த விலைதான். அதை வாங்கணும்னு ஆசையா இருந்தா வாங்கு, உங்கப்பன் வாங்குன கடன்ல அது ஒரு மூலைக்குக் காணும். ஆசை இல்லைன்னா, ஹீத்ரோவுல வைஃபை சும்மாவே குடுக்கான். அதுல ஏறி வாட்ஸப்ல ‘சேந்துட்டேன்’னு ஒரு வரி போடு. போதும். உங்கம்மா அழுறதுக்கு எப்படியும் காசு கேக்க மாட்டா.

அந்த ஊர்ல பாதிக் கம்பெனி சிம்மை ஓசியிலதான் குடுக்கான். இணையத்துல கேட்டா தபால்ல வீட்டுக்கே வரும். உன் போன்ல இ-சிம் வசதி இருந்தா அந்த ஏர்போர்ட்டு வைஃபைலயே உக்காந்து ஏத்திக்கிடலாம். இல்லைன்னா பெரிய மளிகைக் கடை எதுலயாவது போய் ஒண்ணு ரெண்டு பவுண்டுக்கு வாங்கிக்கிடு. இதைக் கேட்டா நம்ப மாட்டே: ஆதார் கேக்க மாட்டான், கைரேகை கேக்க மாட்டான், போட்டோ கேக்க மாட்டான். முன்பணம் கட்டுற சிம்முக்கு அந்த நாட்டுல அடையாளச் சீட்டே தேவையில்லை. நம்ம ஊர்ல ஒரு சிம் வாங்க கண்ணைச் சிமிட்டச் சொல்லி வீடியோ எடுக்கான். அங்க காசைக் குடு, எடுத்துட்டுப் போ, அம்புட்டுத்தான். நம்ம பேங்க் கார்டை அவன் மெஷினு சில நேரம் ஏத்துக்கிடாது. அப்பக் கடையில ரொக்கத்தைக் குடுத்து வவுச்சர் வாங்கிப் போட்டுக்கோ.

இனிமே பவுசு. இதைத்தான் நான் நிறுத்தி நிதானமாச் சொல்லணும், ஏன்னா நீ உங்கப்பன் புள்ளை.

காலேஜ்ல சேந்த மொத வாரமே ஒரு கடைக்குள்ள உன்னைய இழுப்பான். புது ஐபோன். கையில ஒரு பவுண்டு குடுக்க வேண்டாம், மாசம் வெறும் நாப்பத்தஞ்சு பவுண்டுதான்ம்பான். ‘வெறும்’ங்குத சொல்லை எந்தக் கடைக்காரன் சொன்னாலும் ரெண்டு எட்டுப் பின்னால போயிரணும்லே. 45 பவுண்டு, 24 மாசம். பெருக்கிப் பாரு, 1,080 பவுண்டு. கணக்குக்குச் சுளுவா ஒரு பவுண்டு 110 ரூவான்னு வச்சாக்கூட ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் தாண்டிட்டு. அது கூடப் பரவாயில்லை. நீ படிக்கப் போற எம்எஸ்சி எத்தனை வருஷம்? ஒரு வருஷம். அவன் போடச் சொல்லுத ஒப்பந்தம் ரெண்டு வருஷம், சில எடத்துல மூணு. படிப்பை விட போனுக்கு நீளமான கோர்ஸ்ல சேர்ற மொத ஆளு நீயாத்தான் இருப்பே.

நடுவுல விலையும் ஏத்துவான். முன்னெல்லாம் விலைவாசிப் புள்ளியைக் காட்டி இம்புட்டு சதவீதம்னு ஏத்துவான், எம்புட்டுன்னு எவனுக்கும் தெரியாது. நம்ம டிராய் மாதிரி அங்க ஆஃப்காம்னு ஒருத்தன் இருக்கான். 2025 ஜனவரி 17-க்குப் பொறவு போடுற ஒப்பந்தத்துல ஏத்தப் போற தொகையை பவுண்டு, பென்ஸ்ல மொதல்லயே எழுதிக் காட்டணும்னு அவன் சட்டம் போட்டுட்டான். அதனால ஏத்த மாட்டான்னு நெனக்காதே. ஏத்துவான். சொல்லிட்டு ஏத்துவான்.

அந்த ஒப்பந்தமும் லேசுல கெடைக்காது. அங்க பேங்க் கணக்கு இருக்கணும், கடன் பதிவேட்டைப் பாப்பான். உனக்கு அந்த நாட்டுல ஒரு பதிவும் கெடையாது. அவனைப் பொறுத்தவரைக்கும் நீ இன்னும் பொறக்கவே இல்லை. ‘விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது’ன்னு ஒரு மெசேஜ் வரும். அது வந்தா அழாதே, குலதெய்வம் காப்பாத்திட்டுன்னு நெனச்சுக்கோ. ஒருவேளை குடுத்துட்டான், நீ கட்டாம ஊருக்கு ஓடி வந்துட்டேன்னு வை, அந்தக் கறை பதிவேட்டுல ஆறு வருஷம் கெடக்கும். இன்னொருத்தன் வந்து ‘ஒப்பந்தம் போட்டாத்தான் கிரெடிட் ஸ்கோர் ஏறும்’னு ஆசை காட்டுவான். ஏறும்தான். ஏறி என்ன செய்யப் போறே? லெஸ்டர்ல வீடா வாங்கப் போறே? வாடகைக்கே உங்கப்பன் இங்க நாக்குத் தள்ளுதான்.

இங்க இருக்குத போனையே கொண்டு போ. அங்க நல்லா வேலை செய்யும். சார்ஜருக்கு மட்டும் மூணு சதுரக் கம்பி உள்ள அடாப்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கோ. சிம் மட்டும் மாசத்துக்கு மாசம், இஷ்டம் இருந்தா வச்சுக்கிடுவேன், இல்லைன்னா போடாங்கற கணக்குல வாங்கு. மாசம் எட்டுப் பத்து பவுண்டுக்குள்ள ஒரு மாணவனுக்குத் தாராளமாக் காணும். தள்ளுபடியில கண்ணு வச்சிருந்தா அஞ்சுக்கும் கெடைக்கும். ஆஃபர்ல ‘மொத மூணு மாசம் பாதி விலை’ன்னு பெருசா எழுதி, நாலாம் மாச விலையை எறும்பு எழுத்துல எழுதியிருப்பான். நீ அந்த எறும்பை மட்டும் படி.

இப்ப ஒரு சூட்சுமம். அங்க எத்தனையோ பேர்ல சிம் விக்கான்: கிஃப்காஃப், லெபாரா, லைக்கா, ஸ்மார்ட்டி, வோக்ஸி, டெஸ்கோ மொபைல், ஐடி மொபைல். தலை சுத்தும். ஆனா டவர் வச்சிருக்குத பெரிய கை மூணுதான். முன்ன நாலு: ஈஇ, ஓ2, வோடபோன், த்ரீ. 2025 மே மாசக் கடைசியில வோடபோனும் த்ரீயும் ஒண்ணாச் சேந்துட்டான். நம்ம தாமிரபரணிப் பாசனத்துல நெலம் ஒருத்தன் பேர்ல இருக்கும், குத்தகைக்குப் பயிர் வைக்குறவன் வேற ஒருத்தனா இருப்பான்லா? அதே சங்கதி. கிஃப்காஃப் ஓ2 வயல்ல வெளையுது, டெஸ்கோவும் அங்கனதான். லெபாராவும் வோக்ஸியும் வோடபோன் வயல். ஸ்மார்ட்டியும் ஐடியும் த்ரீ வயல். லைக்கா இப்ப ஈஇ வயலுக்கு மாறிட்டான். நெல்லு ஒண்ணுதான், சாக்குல அச்சடிச்ச பேருதான் வேற. ஜமீன்ட்ட நேரா வாங்குனா விலை சாஸ்தி, குத்தகைக்காரன்ட்ட கம்மி.

என்ன, குத்தகைக்காரன்ட்ட உபசாரத்தை எதிர்பாக்கப்படாது. கிஃப்காஃப்ல கால் சென்டரே கெடையாதாம்லே! சந்தேகம் கேட்டா இன்னொரு வாடிக்கைக்காரன்தான் பதில் எழுதுவானாம். நம்ம ஊர் கால் சென்டர்ல அரை மணி நேரம் பாட்டு கேக்குறதுக்கு அது எவ்வளவோ மேல்.

லைக்கா, லெபாரான்னு சொன்னேன் பாரு, அது ரெண்டும் நம்மாளு சங்கதி. லெபாராவை 2001-ல மூணு ஈழத் தமிழர் சேந்து தொடங்குனாங்க, பொறவு அது கைமாறிட்டு. லைக்காவை 2006-ல தொடங்குனவரு முல்லைத்தீவுல பொறந்த அல்லிராஜா சுபாஸ்கரன். நீ முதல் நாள் முதல் ஷோவுல விசிலடிச்சுப் பாத்தியே ‘கத்தி’, ‘2.0’, ‘பொன்னியின் செல்வன்’, அந்தப் படத்துக்கெல்லாம் காசு போட்ட லைக்கா அதே சிம் கம்பெனிதான். அகதியாப் போன சனம் ஊருக்குப் பேசத் தவிச்ச தவிப்புல இருந்து வளந்த யாவாரம் அது. அதனாலதான் இவங்க பிளான்ல இந்தியாவுக்குப் பேச நிமிஷம் சேத்தே குடுப்பாங்க. மத்த கம்பெனி சிம்ல இருந்து தெரியாத்தனமா உன் ஆச்சி நம்பருக்கு நேரா டயல் பண்ணிராதே. பிளான்ல இல்லாத வெளிநாட்டுக் காலுக்கு நிமிஷத்துக்கு ஒரு பவுண்டுக்கு மேலகூட உருவுவான். உன் ஆச்சி ‘ஹலோ, யாரு, சத்தமாப் பேசு’ன்னு சொல்லி முடிக்குறதுக்குள்ள ஒரு வேளைச் சோத்துக் காசு போயிரும். வாட்ஸப்ல பேசுதவனுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனா உன் ஆச்சிக்கு பட்டன் போன்தான் புடிக்கும்னு உனக்கே தெரியும், அதனால இந்திய நிமிஷம் உள்ள சிம்மாப் பாத்து எடு.

எந்த வயலு நல்ல வயலுன்னு எப்படிப் பாக்க? ஆஃப்காம் 2025-ல ‘மேப் யுவர் மொபைல்’னு ஒண்ணு விட்டிருக்கான். நீ தங்கப் போற எடத்தோட அஞ்சல் குறியீட்டைப் போட்டா எந்த டவர் எப்படி எடுக்கும்னு காட்டும். காகிதத்துல காட்டுறதை மட்டும் நம்பாதே. சிம்மு ஓசிதானே? ரெண்டு வயல் சிம்மை வாங்கி உன் ரூமுக்குள்ள, கட்டில்ல படுத்துக்கிட்டுப் போட்டுப் பாரு. செங்கல் சுவரு, கீழ்த்தளத்து ரூமுன்னா சிக்னல் வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டு நின்னுரும். அதுக்கு வைஃபை காலிங்னு ஒரு வசதி இருக்கு, உன் போனுக்கும் அந்த சிம்முக்கும் அது ஒத்துப் போகுதான்னு வாங்குமுன்ன பாத்துக்கோ. அங்க 3ஜியை மூடிட்டான். 4ஜில பேசுற வோல்ட்டி வசதி இருந்தாத்தான் கால் தெளிவா இருக்கும்.

டேட்டாவுக்கு வாரேன். இங்கனதான் நம்ம பயலுவ கவுந்து விழுறது. இங்க உனக்கு ஒரு நாளைக்கு 2 ஜிபி. ராத்திரி பன்னெண்டு மணிக்கு அது செத்துப் போகும்னு பதறிப் பதறி ரீல்ஸ் பாத்துத் தீக்குறே. என்னமோ கல்யாண வீட்டுல மிச்சச் சோத்தைத் தீக்குற மாதிரி. அங்க குடுக்குறது மாசத்துக்கு. அஞ்சு ஜிபின்னா முப்பது நாளைக்கும் சேத்து அஞ்சுதான். நீ இங்க புடிச்ச பழக்கத்தோட போனா மூணாம் நாளு சாயங்காலம் போன் வெறுங்கட்டையாயிரும். பொறவு ‘கூடுதல் டேட்டா வாங்கு’ன்னு ஒரு மெசேஜ் வரும், நீயும் வாங்குவே. நான் சொன்ன அவசரம், மறதி ரெண்டும் கைகோத்து வர்ற எடம் அது.

நெட்ஃபிளிக்ஸ்காரனே சொல்லுதான், எச்டில ஒரு மணி நேரம் பாத்தா 3 ஜிபி வரை குடிக்கும்னு. ஒரு படம் பாத்தே, உன் மாசம் முடிஞ்சுது. வாட்ஸப் அமைப்புக்குள்ள போய், மொபைல் டேட்டாவுல படமும் வீடியோவும் தானா எறங்குறதை நிறுத்தி வை. நம்ம குடும்பக் குரூப்புல காலைல அஞ்சு மணிக்கு உன் மாமா அனுப்புற ரோசாப்பூ ‘காலை வணக்கம்’ எல்லாம் அங்க போய் பவுண்டுல எறங்கும்லே. உன் மாமாவுக்கு உன் மேல எம்புட்டுப் பாசம் இருந்தாலும், பவுண்டு குடுத்து வாங்குற பூவா அது?

அப்ப எப்படிப் பொழைக்கன்னு கேப்பே. காலேஜ்ல ஈடுரோம்னு ஒரு வைஃபை இருக்கு. 2003 வாக்குல ஐரோப்பாவுல தொடங்குன ஏற்பாடு, இப்ப நூறு நாட்டுக்கு மேல பரவிட்டு. உன் யூனிவர்சிட்டி மெயில் ஐடி, அந்த அட் குறியோட முழுசாப் போட்டு, பாஸ்வேர்டையும் ஒரு தடவை குடுத்துட்டா, உன் காலேஜ்ல மட்டும் இல்லை, கேம்பிரிட்ஜுக்கு ஊர் சுத்தப் போனாலும், பாரிஸ்ல ஒரு காலேஜ் வாசல்ல நின்னாலும் போன் தானா அதுல ஒட்டிக்கிடும். காசு கெடையாது. நீ ஏற்கெனவே கட்டுன ஃபீஸ்லதான் அது அடங்கியிருக்கு, அதனால கூச்சப்படாம உபயோகி. ஹாஸ்டல் வாடகையிலயும் வைஃபை சேந்தே வரும் பெரும்பாலும். வீட்டுல வைஃபை, காலேஜ்ல வைஃபை, லைப்ரரில வைஃபை. நடுவுல பஸ்சுல போற இருபது நிமிஷத்துக்குத்தான் டேட்டா. அந்த இருபது நிமிஷமும் ஜன்னல் வழியா வேடிக்கை பாத்தா உனக்கு ரெண்டு ஜிபியே சாஸ்தி. ‘அன்லிமிட்டெட்’ வாங்குறவன் எல்லாம் அன்லிமிட்டெடாப் படிக்காதவன்னு உன் அத்தை மக சொன்னா. அவ டிஸ்டிங்ஷன்ல பாஸ் பண்ணவ, சொல்ல உரிமை இருக்கு.

நம்பர் விஷயம் ஒண்ணு. அங்க எல்லா நம்பரும் ஒரே விலை இல்லை. 0800-ல தொடங்குனா ஓசி. 03-ல தொடங்குனா உன் பிளான் நிமிஷத்துல கழியும். 084, 087-ன்னு தொடங்குறது பிளானுக்குள்ள அடங்காது, தனியாக் காசு. 09-ன்னு பாத்தா பாம்பைப் பாத்த மாதிரி கையை எடுத்துரு. அவசரத்துக்கு 999, இல்லைன்னா நம்ம ஊர்ல உள்ள மாதிரியே 112. ரெண்டும் காசு கெடையாது. உசுருக்கு ஆபத்து இல்லாத காச்ச, தலைவலின்னா 111. மொத வாரம் காச்ச கட்டாயம் வரும், குளிரு சும்மா விடாது. அப்ப இந்த நம்பர்தான் டாக்டருக்கு வழி சொல்லும், உங்கம்மா சுக்குக் கசாயம் ஃபிளைட் ஏறி வராது.

அப்புறம் ஒரு கால் வரும் பாரு. இங்கிலீஷ்ல அதட்டுவான்: ‘குடியேற்றத் துறையில இருந்து பேசுதோம், உன் விசாவுல தப்பு இருக்கு, உடனே பணம் கட்டு, இல்லைன்னா போலீஸ் வாசல்ல நிக்கும்.’ வெளிநாட்டு மாணவனாப் பாத்து வலை வீசுத கூட்டம் அது. அந்தத் துறை போன் போட்டுக் காசு கேக்காது. போனை வச்சுட்டு டீ குடி. மோசடி மெசேஜ் வந்தா 7726-க்கு அனுப்பிவிடு, ஓசி. பேங்க் பேரைச் சொல்லி மிரட்டுனா 159-ஐ நீயா அழுத்தி உன் பேங்க்கைக் கேளு. இதெல்லாம் உனக்கு எதுக்குச் சொல்லுதேன்னா, போன மாசம் ‘உங்கள் மின் இணைப்பு இன்று இரவு துண்டிக்கப்படும்’னு வந்த மெசேஜைப் பாத்து மெழுகுவத்தி வாங்க ஓடுனவன் நீ.

கம்பெனி புடிக்கலைன்னா மாறிக்கோ, நம்பரை மட்டும் விட்டுறாதே. 65075-க்கு ‘பிஏசி’ன்னு இங்கிலீஷ் எழுத்துல ஒரு மெசேஜ் அனுப்பு. நிமிஷத்துல ஒரு கோடு வரும், முப்பது நாளைக்குச் செல்லும். அதைப் புதுக் கம்பெனிட்ட குடுத்தா அடுத்த வேலை நாளுக்குள்ள நம்பர் அங்க வந்துரும். ‘ஏன் போறீங்க, என்ன குறை, மேனேஜர்ட்ட பேசுங்க’ன்னு கெஞ்சுற சோலியே கெடையாது, 2019-ல இருந்து இப்படித்தான். நம்பர் ஏன் முக்கியம்னா, இப்ப உன் விசாவே அட்டையில இல்லை. பழைய பிஆர்பி அட்டை எல்லாம் 2024 டிசம்பரோட முடிஞ்சிட்டு, எல்லாம் இ-விசா. அந்தக் கணக்குக்குள்ள போக உன் போனுக்கோ மெயிலுக்கோதான் கோடு வரும். பேங்கும் அதுக்குத்தான் அனுப்பும். ஆஃபர்னு மாசத்துக்கு ஒரு புது நம்பர் மாத்துனே, ஒரு நாள் உன் விசாவுக்கே நீ அன்னியனாயிருவே. ரெண்டு கணக்குலயும் மெயிலையும் சேத்துப் பதிஞ்சு வை.

பாரிஸ் போகணும்னு இப்பவே பிளான் போட்டிருப்பீங்க. அதுக்கு விசாவுக்குத் தனியாக் காசு அழணும், அதுக்கு மேல போனும் அழ வைக்கப்படாது. பிரிட்டன் ஐரோப்பாவை விட்டுப் பிரிஞ்ச பொறவு சில பெரிய கம்பெனி அங்க போனா நாளுக்கு இம்புட்டுன்னு வசூலிக்கான். கிஃப்காஃப், லெபாரா, ஸ்மார்ட்டி மாதிரி சிலது ஒரு அளவு வரைக்கும் சும்மா விடுது. கெளம்புமுன்ன படிச்சுட்டுப் போ.

இப்ப நம்ம ஊரு சிம்முக்கு வா. அதைத் தூக்கிப் போட்டுறாதேலே! உன் பேங்க், ஆதார், வருமான வரி எல்லாத்துக்கும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான். வாட்ஸப்பும் அதுலதான் ஓடுது, ஊர்ச் சனத்துக்கு அந்த நம்பர்தான் மனப்பாடம். 90 நாள் ஒண்ணுக்குமே உபயோகிக்காம போட்டு வச்சா கம்பெனிக்காரன் பிடுங்கி இன்னொருத்தனுக்குக் குடுத்துரலாம். பொறவு உன் கல்விக்கடன் மெசேஜெல்லாம் தூத்துக்குடில எவனோ மீன்காரனுக்குப் போகும். அவன் பாவம், உன் கடனைப் பாத்து நெஞ்சு வலி வந்து படுத்துருவான்.

கெளம்புமுன்ன இங்கயே ரோமிங்கை இயக்கி வை. போன்ல ரெண்டு சிம் எடம் இருக்குல்லா, ஒண்ணுல நம்ம சிம் கெடக்கட்டும், ஆனா அதுல டேட்டா ரோமிங்கை அணைச்சிரு. ரோமிங்ல எஸ்எம்எஸ் வாங்குறதுக்குப் பொதுவா காசு கெடையாது, கால் எடுத்தாத்தான் காசு. உன் பெரியம்மை அந்த நம்பருக்கு அடிச்சு ‘சாப்பிட்டியா மக்கா’ன்னு கேட்டா, எடுக்காதே. சாப்பிட்டியான்னு கேட்டு உன் சாப்பாட்டுக் காசையே வாங்கிருவா. அடிச்சு ஓயட்டும், வாட்ஸப்ல கூப்பிடு. கால் ஃபார்வேர்டும் போட்டு வைக்காதே, அதுக்கும் ரோமிங்ல கணக்கு ஏறும்.

பேசுற நேரத்தையும் சொல்லிட்டுப் போ. குளிர்காலத்துல அவன் நம்மளுக்கு அஞ்சரை மணி நேரம் பின்னால, கோடையில நாலரை. அக்டோபர்லயும் மார்ச்லயும் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தையே மாத்தி வச்சிருவான் அந்த ஊர்க்காரன். அது தெரியாம அங்க ராத்திரி பத்துக்கு நீ கூப்பிட்டா இங்க விடியக்காலம் மூணரை. ஆச்சி எழுந்து, யாரு செத்தாங்கன்னுதான் கேப்பா. வீடியோல வான்னு அவளைக் கெஞ்சாதே. போனைக் காதுல வச்சுக்கிடுவா, நீ பூரா நேரமும் அவ பாம்படம் ஆடுறதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பே.

மிச்சம் ஒண்ணுதான். இந்த இந்திய நம்பருக்கு வருஷம் பூரா ரீசார்ஜ் யாரு போடுறது? உங்கப்பன் மறந்துருவான், உனக்கு நெனப்பே வராது. டேட்டா இல்லாம, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் கட்டாயம் வச்சிருக்கணும்னு 2024 டிசம்பர்ல டிராய் உத்தரவு போட்டிருக்கு. வருஷத்துக்கு 2,000 ரூவாய்க்குள்ள முடிஞ்சிரும். கவலைப்படாதே, நான் போட்டு விடுதேன். நீ இப்ப ஒரு 2,500 ரூவாயை இந்தக் கையில வச்சுட்டுப் போ. மிச்சக் கணக்கெல்லாம் கேக்கப்படாது, பூத் நடத்துனவன் கமிஷன் இல்லாம என்னைக்குலே லைன் குடுத்திருக்கான்? ஜிபேல அனுப்புதேன்ங்குத பேச்சே வேண்டாம், உன் ஆச்சி அதை எட்டிப் பாத்துருவா. நோட்டாக் குடு.